ரெய்க்யாவிக் போலீஸும் விருத்தாசலம் பேசஞ்சரும்

சேலத்தில் ஏறி விருத்தாசலம் போகிற பேசஞ்சரில் நீங்கள் போயிருக்கிறீர்களா? போகலைன்னா ஒரு தகவல்: ரொம்ப நிதானமான வண்டி. வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம்னு ஒவ்வொரு ஊரையும் நலம் விசாரிச்சுட்டுத்தான் நகரும். பாதி தூரம் போனில் டவர் இருக்காது. பக்கத்து சீட் தாத்தா வேர்க்கடலை உரிச்சுக்கிட்டே "என்ன படிக்கிற தம்பி, முடிச்சா எவ்வளவு சம்பளம் வரும்?"னு ஆரம்பிப்பார். அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கத்தான் நான் முதல்முதலில் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தேன். இலக்கிய தாகம் எல்லாம் ஒண்ணும் இல்லை.

அது ஒரு ஜப்பான் போலீஸ் நாவல். செய்ச்சோ மாட்சுமோட்டோ எழுதின 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்'. ஹாஸ்டல் காலி பண்ணின சீனியர் அண்ணன் ஒருத்தர் வாளி, ஹேங்கர், ட்ராஃப்டரோடு சேர்த்து இதையும் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். ஜப்பானில் இது 1957-லிருந்து ஒரு பயணப் பத்திரிகையில் தொடராக வந்ததாம். ரயில், டைம்டேபிள் பற்றியெல்லாம் எழுதுகிற பத்திரிகையில் ஒரு கொலைக்கதை!

கதை இப்படி ஆரம்பிக்கும். தெற்கே ஃபுகுவோகா பக்கம் ஒரு கடற்கரையில் ஒரு அரசாங்க அதிகாரியும் ஒரு பெண்ணும் செத்துக் கிடக்கிறார்கள். விஷம். காதல் ஜோடி, தற்கொலை, கேஸ் முடிஞ்சது என்று எல்லாரும் கிளம்பத் தயார். டோரிகாய் என்கிற வயசான டிடெக்டிவ் மட்டும் செத்தவர் பாக்கெட்டில் இருந்த ஒரு பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். ரயில் சாப்பாட்டுப் பெட்டியில் சாப்பிட்ட பில். அதில் 'ஒரு நபர்' என்று இருக்கிறது. சேர்ந்து சாகப் போகிற ஜோடி, ஒரே வண்டியில் வரும்போது, ஒருத்தர் மட்டும் போய்ச் சாப்பிடுவாங்களா?

அவ்வளவுதான். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. ஒரு சாப்பாட்டு பில். நான் நிமிர்ந்து உட்கார்ந்துட்டேன்.

இன்னொரு இடம் சொல்றேன், முடிவைச் சொல்லமாட்டேன். டோக்கியோ ஸ்டேஷனில் அந்த ஜோடி 15-ஆம் பிளாட்பாரத்தில் வண்டி ஏறுவதை 13-ஆம் பிளாட்பாரத்தில் நின்றவர்கள் பார்த்ததாகச் சாட்சி. ஆனால் நடுவில் எப்போதும் ஏதாவது வண்டி வந்து மறைத்துக்கொண்டே இருக்கும். அந்த மாலை நேரத்தில், 5.57-லிருந்து 6.01 வரை, வெறும் நாலு நிமிஷம்தான் 13-லிருந்து 15 தெரியும். அப்படியென்றால் அந்தச் சாட்சிகள் சரியாக அந்த நாலு நிமிஷத்தில் அங்கே நின்றது தற்செயலா? விருத்தாசலம் ஜங்ஷனில் ஒரு கூட்ஸ் வந்து நின்றால் எதிர் பிளாட்பாரத்தில் நிற்கிற அப்பாவே தெரியமாட்டார். எனக்கு டோக்கியோவும் தெரியாது, ஜப்பானும் தெரியாது. ஆனால் இந்த நாலு நிமிஷம் எனக்கு நல்லாவே புரிஞ்சுது.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். அதற்கப்புறம் ஸ்வீடன், ஐஸ்லாந்து, ஷாங்காய், போட்ஸ்வானா என்று கிடைத்த ஊர் போலீஸை எல்லாம் படித்தேன். இங்கிலீஷ்தான், டிக்‌ஷனரி பக்கத்தில் வைத்துக்கொண்டுதான். அரியர் பேப்பருக்குக்கூட இவ்வளவு உழைச்சதில்லை.

"கிரைம் நாவல்தானே, நம்மகிட்ட இல்லாததா?"ன்னு நீங்க கேட்பீங்க. இருக்கு, மலை மாதிரி இருக்கு. எங்க மாமா பஸ் ஸ்டாண்டு கடையில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று வாங்கிக் குவித்த பாக்கெட் நாவல்களில்தான் நான் தமிழே வேகமாகப் படிக்கக் கற்றேன். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? நம்ம கதைகளில் துப்பறிகிறவர் யார்? தேவனின் சாம்பு பேங்க் குமாஸ்தா. தமிழ்வாணனின் சங்கர்லால் தனியார் துப்பறிவாளர். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள். பரத்–சுசீலா, நரேந்திரன்–வைஜயந்தி எல்லாம் தனியார் ஏஜென்சி. ராஜேஷ்குமாரின் விவேக் மாதிரி சில அதிகாரிகள் உண்டு, ஆனால் அவர்களும் மேலிடத்து ஆட்கள். நம்ம தெருமுனை ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிற ஏட்டோ, எஸ்.ஐ.யோ பொறுமையாக ஒரு பில்லைப் பார்த்து யோசிக்கிற கதை எத்தனை படித்திருக்கிறோம்? கடைசிப் பக்கத்தில் விலங்கு மாட்டத்தான் அவர் வருவார். இது ஏன் என்று எனக்கு ஒரு கணிப்பு உண்டு, அப்புறம் வர்றேன்.

முடியாத ஆட்கள் இல்லை நம்ம போலீஸ். 1952-இல் ஆளவந்தார் கொலை வழக்கு. உடல் ரயிலில் போன ட்ரங்குப் பெட்டியில் மானாமதுரையில் கிடைக்கிறது. தலை சென்னையில் ராயபுரம் கடற்கரையில் கிடைக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்து, காதுத் துளையும் பல்லும் பார்த்து, ஆள் இவர்தான் என்று சொன்னார்கள் மருத்துவக் கல்லூரித் தடயவியல்காரர்கள். மாட்சுமோட்டோ கேட்டிருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்.

சரி, இந்த வகை நாவல்களுக்கு 'போலீஸ் ப்ரொசீஜரல்' என்று பேர். ஒரு மேதாவி ஹீரோ வந்து கண்ணை மூடித் திறந்து பதில் சொல்லமாட்டான். ஒரு ஆபீஸ் இருக்கும், நாலைந்து பேர் இருப்பார்கள், ஒருத்தருக்கு ஜலதோஷம், ஒருத்தருக்கு வீட்டில் சண்டை. ஃபைல், போன், மறுபடி ஃபைல். ஸ்வீடனில் மாய் ஷ்யோவால், பேர் வாலோ என்று ஒரு ஜோடி, பிள்ளைகள் தூங்கின பிறகு ராத்திரி ராத்திரி உட்கார்ந்து ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதினார்கள். 1965 முதல் 1975 வரை மொத்தம் பத்து நாவல், எல்லாவற்றிலும் மார்ட்டின் பெக் என்கிற போலீஸ்காரர். முதல் புத்தகமான 'ரோஸானா'வில் கால்வாயைத் தூர்வாரும்போது ஒரு பெண்ணின் உடல் வருகிறது. அந்தப் பெண்ணின் பேரைக் கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் ஆகிறது. அந்த மாதங்களை அவர்கள் தாண்டிக் குதிக்கவில்லை, நம்மையும் கூடவே காக்க வைக்கிறார்கள். லேப் ரெக்கார்டு எழுதிப் பழகின நமக்கு இது ஒண்ணும் கஷ்டமில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த நாடு ஐஸ்லாந்து. அங்கே மொத்த ஜனத்தொகையே நாலு லட்சத்துக்குள். கொலையே நடக்காத வருஷம்கூட உண்டு. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு அர்னால்தூர் இந்த்ரிதாசன் கொலைக்கதையாக எழுதித் தள்ளுகிறார். பேரைப் பார்த்து மிரளாதீங்க. அங்கே குடும்பப் பெயர் வழக்கம் கிட்டத்தட்ட கிடையாது. இந்த்ரிதி என்பவரின் மகன், அதனால் இந்த்ரிதாசன். நம்ம இனிஷியல்தான், முன்னாடி போடாமல் பின்னாடி விரித்துப் போடுகிறார்கள். டெலிபோன் டைரக்டரிகூட சொந்தப் பேர் வரிசையில்தான். அப்பா பேரை 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் போடுவதா வேண்டாமா என்று பாஸ்போர்ட் ஃபார்மில் திணறின ஒவ்வொரு தமிழனுக்கும் ஐஸ்லாந்து சொந்தக்கார ஊர்.

அவருடைய 'சைலன்ஸ் ஆஃப் தி க்ரேவ்' ஒரு பிறந்தநாள் பார்ட்டியில் ஆரம்பிக்கிறது. தவழ்கிற குழந்தை எதையோ வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருக்கிறது. என்னவென்று பார்த்தால் மனித எலும்பு. புதுசாக வீடு கட்டுகிற இடத்தில் பழைய எலும்புக்கூடு. தோண்டுவதற்குத் தொல்லியல்காரர்களைக் கூப்பிடுகிறார்கள். அவர்கள் பிரஷ்ஷும் கரண்டியும் வைத்து மெதுவாக, நாள்கணக்கில் மண்ணை நீக்குகிறார்கள். போலீஸ் ஆபீசர் எர்லெண்டூர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். மண் இறங்க இறங்க ஒரு பழைய குடும்பத்தின் கதை மேலே வருகிறது. ஜே.சி.பி. வைத்து ஒரு மணி நேரத்தில் முடிக்கலாமே என்று எனக்குக் கை பரபரத்தது. பரபரத்ததுதான் மிச்சம்.

இந்தப் பொறுமை எனக்குப் புதுசு இல்லை. எங்க ஊர் விருத்தாசலம். இலக்கியம் படிக்கிறவர்களுக்கு அது புதுமைப்பித்தனின் சொந்தப் பேர், எங்களுக்குப் பீங்கான் ஊர். எங்கப்பா ஒரு சின்ன செராமிக் யூனிட்டில் சூளை பார்க்கிறார். அவரிடம் ஒரு நீள நோட்டு உண்டு. சூளை மூட்டினதிலிருந்து ஆறுகிற வரைக்கும் மணிக்கு ஒரு தடவை எவ்வளவு டிகிரி என்று எழுதி வைப்பார். ஆயிரத்து இருநூறு வரை ஏறி, மறுபடி இறங்கும். ஒரு லோடு முழுக்கக் கீறல் விட்டு வந்தால் முதலாளி கத்துவார், பசங்க களிமண்ணைத் திட்டுவாங்க. அப்பா பேசாமல் நோட்டைத் திருப்புவார். "ராத்திரி ரெண்டு மணிக்கும் மூணு மணிக்கும் நடுவுல பாரு, ஐந்நூத்தி எழுபது பக்கம் சடார்னு எறங்கியிருக்கு." செராமிக் படிக்கிற என் ஸ்கூல் ஃப்ரெண்டுதான் அதற்கு விளக்கம் சொன்னான்: 573 டிகிரியில் குவார்ட்ஸ் தன் அமைப்பை மாற்றிக்கொண்டு சட்டென்று சுருங்கும், அந்த இடத்தில் வேகமாக ஆறவிட்டால் சாமான் விரிசல் விடும். அப்பாவுக்கு அந்தப் பேர் தெரியாது, மணி தெரியும். டோரிகாயைப் படிக்கும்போது எனக்கு எங்கப்பா முகம்தான் வந்தது.

ஒரு ஜாக்கிரதை மட்டும். எச்.ஆர்.எஃப். கீட்டிங் என்று ஒரு இங்கிலீஷ்காரர், பம்பாய் சி.ஐ.டி. இன்ஸ்பெக்டர் கோட்டேயை வைத்து வரிசையாக நாவல் எழுதினார். முதல் புத்தகம் 'தி பெர்ஃபெக்ட் மர்டர்', 1964. பரிசெல்லாம் வாங்கினது. எழுதும்போது அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை! சுமார் பத்து வருஷம் கழித்துத்தான் பம்பாயில் காலே வைத்தார். அதைப் படிக்கும்போது நமக்கு ஒரு மாதிரி இருக்கும். நம்ம ஊர் மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. அப்போ நான் மனசுக்குள் கட்டி வைத்திருக்கிற ரெய்க்யாவிக்கைப் பார்த்து அந்த ஊர்க்காரர் எப்படிச் சிரிப்பார்? மாட்சுமோட்டோவின் இன்னொரு நாவலில், இன்ஸ்பெக்டர் இமானிஷி கதையில், செத்தவர் பேசின வட்டார வழக்கை வைத்து போலீஸ் ஒரு திசையில் நாள்கணக்கில் அலையும். "ஏனுங்க"ன்னு சொன்னா கோயம்புத்தூர்னு நாம முடிவு கட்டுகிற மாதிரி. சேலம், நாமக்கல் ஃப்ரெண்ட்ஸைக் கேட்டுப் பாருங்க, என்ன சொல்றாங்கன்னு.

இப்போ அந்தக் கணிப்புக்கு வர்றேன்.

ரெண்டாவது வருஷ லீவில், 2024 மே மாதம், பக்கத்து ஊர் ஒன்றில் சொந்தக்காரங்க கல்யாணம். அப்பாவின் டி.வி.எஸ். எக்ஸெல்லில்தான் போனோம். ரெண்டாவது பந்தியில் சாப்பிட்டு, வெத்தலை பாக்குப் பையோடு வெளியே வந்தால் வண்டி இல்லை. பழைய வண்டி, பெரிய விலை ஒன்றும் வராது. ஆனால் அப்பாவின் கவலை வேற: "நாளைக்கு எவனாவது அதுல போய்ச் செயின் அறுத்தான்னா, நம்பர் பார்த்து நம்ம வீட்டுக்குத்தானேடா வருவாங்க?"

நான் அப்போது முழு ஜப்பான் போலீஸ். வீடியோகிராஃபர் அண்ணனைக் கெஞ்சிக் கூத்தாடி ஃபுட்டேஜை ஓட்டிப் பார்த்தேன். 8.05-க்கு மாப்பிள்ளை வீட்டுக் கார் ஒன்று வாசலில் வருகிறது, பின்னாடி தென்னை மரத்தடியில் நம்ம எக்ஸெல் நிற்கிறது. 8.50-க்கு சீர்த்தட்டு கொண்டு வருகிறார்கள், மரத்தடி காலி. திருட்டு நடந்தது நாற்பத்தைந்து நிமிஷத்துக்குள்! எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்த்து அம்மா, "வண்டி போனதுக்கு இவன் ஏன் சிரிக்கிறான்?"னு கேட்டாங்க.

அந்த ஊர் ஸ்டேஷனுக்குப் போனோம். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. ஸ்டேஷனில் எழுதுகிறவருக்கு 'ரைட்டர்' என்று பேர், உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுத்தாளர்! அப்பாவைவிட பத்து வயசாவது சின்னவர். நிமிர்ந்து பார்க்காமல், "என்னய்யா?" என்றார். சூளை முன்னாடி முதலாளியையே எதிர்த்துப் பேசுகிற எங்கப்பா, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஐயா, வண்டிங்கய்யா..." என்றார். நான் பார்த்ததே இல்லை அந்த அப்பாவை. நான் 8.05, 8.50 கதையைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, நீ போலீஸா நான் போலீஸா?" அப்புறம் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். "காணாமல் போய்விட்டதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. திருட்டுன்னு எழுதாதீங்க."

திருட்டு என்றால் எஃப்.ஐ.ஆர். போடணும், கணக்கில் ஏறும். காணாமல் போச்சு என்றால் ஏறாது. ஒரே ஒரு வார்த்தை. ஷ்யோவாலும் வாலோவும் பத்து நாவல் எழுதினது இந்த மாதிரி ஒரு வார்த்தையின் மேல்தான் என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றியது.

நாங்கள் எழுதிக் கொடுக்காமல் வந்துவிட்டோம். பஸ்ஸில் அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "திருடு போச்சுன்னே எழுதுடா. தொலைஞ்சு போறதுக்கு அது என்ன மூக்குத்தியா?" என்றார். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் புகாரைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தரணும் என்றும் இருக்கிறது. தெரிஞ்சு வச்சுக்குங்க, கவுண்டரில் கேட்டால் சொல்லமாட்டாங்க. நேரம், இடம், நம்பர், வீடியோ விவரம் எல்லாம் போட்டு ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். சில வாரம் கழித்து எஃப்.ஐ.ஆர். வந்தது. வண்டி வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி ஐஸ்லாந்து புத்தகத்தைத் திறந்தபோதுதான் உறைத்தது. எர்லெண்டூர் ஒரு வீட்டுக்கு விசாரிக்கப் போகிறார். அந்த வீட்டுக்காரர் அவரிடம் எகிறிப் பேசுகிறார், போய்யா என்கிறார். இவரும் போய்விட்டு மறுநாள் வருகிறார். நான் இத்தனை நாள் ரசித்தது குளிரையோ பனியையோ இல்லை. ஒரு போலீஸ்காரர் முன்னால் கை கட்டாமல் நிற்கிற மனிதர்களை. நம்ம எழுத்தாளர்கள் துப்பறிகிற வேலையை பேங்க் குமாஸ்தாவுக்கும் வக்கீலுக்கும் கொடுத்ததற்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்டேஷன் உள்ளே நிம்மதியாக உட்கார்ந்து ஒரு கதை படிக்க நம்ம வாசகருக்கு மனசு வராது.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல். ஸ்வீடன் போலீஸ் எல்லாம் தங்கம் என்று நானே கற்பனை பண்ணிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் அதே ஷ்யோவால்–வாலோவின் 'தி அபாமினபிள் மேன்' படித்தேன், 1971-இல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு போலீஸ் அதிகாரி கொல்லப்படுகிறார். மார்ட்டின் பெக் விசாரிக்க விசாரிக்க, செத்தவர் ஜனங்களை அடித்து நொறுக்கின ஆள் என்று தெரிகிறது. அவர் மேல் வந்த புகார்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் நடவடிக்கை தேவையில்லை என்று மூடப்பட்டவை. ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்து, தன் சொந்த டிபார்ட்மென்ட் மூடின ஃபைல்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறார். எனக்குத் தெரிந்து அந்த வரிசையிலேயே பயங்கரமான காட்சி அதுதான். அதில் ரத்தமே கிடையாது.

இதே மாதிரி ஒரு ஃபைல் எங்க ஊர்ப் பக்கமே இருந்தது. 1993 மார்ச், விருத்தாசலம் பக்கத்து முதனை கிராமம். ராஜாக்கண்ணு என்கிறவரைத் திருட்டு வழக்கில் கம்மாபுரம் போலீஸ் பிடித்துப் போகிறது. அப்புறம் அவர் தப்பி ஓடிவிட்டார் என்று எழுதுகிறார்கள். அவர் உடல் மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் மீன்சுருட்டியில், அடையாளம் தெரியாத உடலாகக் கிடந்தது. மனைவி பார்வதி விடவில்லை. வக்கீல் சந்துரு ஆட்கொணர்வு மனு போட்டார். 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், அது காவலில் நடந்த மரணம்தான் என்று உறுதியானது. பதிமூணு வருஷம். 'ஜெய் பீம்' படமாக நீங்கள் பார்த்த கதைதான். 2021-இல் அது வந்தபோது நான் ப்ளஸ் டூ. கம்மாபுரம் எங்க வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம். படம் பார்த்து அழுதேன், ஆனால் அதை ஒரு துப்பறியும் கதையாக நான் யோசிக்கவில்லை. இப்போது யோசித்தால், தேதி, எல்லை, கையெழுத்து, யார் எப்போது எங்கே பார்த்தார் என்று ஒவ்வொன்றாக அடுக்கினதில்தான் 'தப்பி ஓடிவிட்டார்' உடைந்தது. நம்ம ஊரின் ப்ரொசீஜரல் அது, போலீஸ் எழுதினதைத் துப்பறிகிற கதை.

அதனால் வெளிநாட்டுக் கதை படிக்கிறதை நான் விட்டுவிடவில்லை, இன்னும் அதிகம்தான் ஆகியிருக்கு. முன்னாடி தப்பிக்கப் படித்தேன். இப்போது படிக்கும்போது கையில் பென்சில் இருக்கிறது, நேரம் வருகிற இடத்தில் எல்லாம் கோடு போடுகிறேன்.

எஃப்.ஐ.ஆர். நகலை அப்பா சூளை நோட்டுக்குள் வைத்திருக்கிறார். போன லீவில் அவருக்கு டோக்கியோ எக்ஸ்பிரஸ் கதையை முதலிலிருந்து சொன்னேன். பில் வந்த இடத்தில், "அந்தாளு கெட்டிக்காரன்" என்றார். நாலு நிமிஷத்தில் தலையாட்டினார். கொலைகாரன் யார் என்று சொல்ல வாய் எடுத்தபோது, "இரு, நீ சொல்லாத" என்று பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன், போன் பேசும்போது நடுவில் திடீரென்று ஒரு சந்தேகம் கேட்பார்.

உங்களில் யாருக்காவது வேணும்னா அந்தப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. சின்னப் புத்தகம்தான், சேலத்தில் ஆரம்பித்தால் சின்னசேலத்துக்குள் பாதி தாண்டிடும். பின்பக்க அட்டை கிழிஞ்சிருக்கும், கோடு நிறைய இருக்கும். கோடு போட்ட இடத்தை மட்டும் முதலில் படிச்சுடாதீங்க.